மணிக்குப் பத்து சென்ட்

2008 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகம் 17,481 பக்கங்களை வெளியிட்டது. கணவர் அதிபராக இருந்த எட்டு ஆண்டுகளில் ஹிலாரி கிளின்டன் எந்த நாளில் எங்கே போனார், யாரைச் சந்தித்தார் என்ற நிகழ்ச்சி நிரல் அது. அப்போது அவரே அதிபர் வேட்பாளர் ஆவதற்காக ஒபாமாவுடன் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். எந்தப் பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று செய்தியாளர்கள் பரபரத்தார்கள். ஆனால் கோப்புகளில் இருந்தது எழுத்தல்ல, எழுத்தின் படம். ஸ்கேன் செய்து அப்படியே சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு பெயரைத் தட்டித் தேட வழியில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பொறியாளராக இருந்த பீட்டர் ஹார்கின்ஸ் அமேசானிடம் 200 கணினிகளை வாடகைக்கு எடுத்தார். ஒன்பது மணி நேரத்தில் அத்தனை படங்களும் தேடக்கூடிய எழுத்தாக மாறிவிட்டன. 200 இயந்திரங்களின் உழைப்பையும் கூட்டினால் 1,407 மணி நேரம். அதற்கு வந்த பில் 144 டாலர் 62 சென்ட். அன்றைய மதிப்பில் 6,000 ரூபாய்க்கும் குறைவு.

அந்த 1,407 மணி நேரத்தை ஒரே ஒரு இயந்திரத்தின் தலையில் கட்டியிருந்தால் இரவு பகல் பாராமல் 58 நாள் ஓடியிருக்கும். வேலை முடியும்போது மே மாதம் பாதி கடந்திருக்கும், செய்தியும் ஆறிப்போயிருக்கும். ஒன்பது மணி நேர வேலைக்காக 200 கணினிகளை எந்தப் பத்திரிகையும் விலைக்கு வாங்கியிருக்காது. கிளவுட் கம்ப்யூட்டிங் என்று இன்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்வதன் முதல் சில ஆண்டுகளில் என்னை இன்றும் வியக்க வைப்பது இந்த பில்தான். 'கிளவுட்' என்ற பெயரில் ஒரு மூட்டம் இருக்கிறது. பில்லில் எல்லாம் தெளிவாக இருக்கிறது.

இதன் அருமை தெரிய, அதற்கு முன்பு ஒரு நிறுவனம் கணினி வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். சர்வர் தேவை என்று ஒரு பிரிவு எழுதிக் கேட்கும். மூன்று கொட்டேஷன் வாங்குவார்கள். நிதிப் பிரிவு அதை மூலதனச் செலவாக எழுதி, எத்தனை ஆண்டுகளில் தேய்மானம் கழிப்பது என்று கணக்குப் போடும். பர்சேஸ் ஆர்டர் போகும். பெட்டி வந்து இறங்கும். ரேக்கில் ஏற்றி, கேபிள் இழுத்து, இயங்குதளம் நிறுவி, கடவுச்சொல் கொடுப்பதற்குள் கேட்டவருக்கு எதற்குக் கேட்டோம் என்பதே மறந்திருக்கும். எலி லில்லி என்ற பெரிய அமெரிக்க மருந்து நிறுவனத்தில் ஒரு சர்வரை அமைத்துத் தர ஏழரை வாரம் ஆனது. 64 இயந்திரங்கள் சேர்ந்த தொகுதி என்றால் மூன்று மாதம். வாடகைக்கு மாறியபின் அதே ஒற்றைச் சர்வர் மூன்று நிமிடத்திலும் 64 இயந்திரத் தொகுதி ஐந்து நிமிடத்திலும் கிடைத்தன. புதிய மருந்துக்காக மூலக்கூறுகளை அலசும் ஆராய்ச்சியாளருக்கு இந்த வேறுபாடு வெறும் வசதி அல்ல. ஒரு யோசனை தோன்றிய சூட்டோடு அதைச் சோதித்துப் பார்க்க முடிவதற்கும், தோன்றியதே மறந்துபோவதற்கும் உள்ள வேறுபாடு.

2000-களின் நடுவில் சென்னையில் நான் அடிக்கடி போய்வந்த ஒரு அலுவலகத்தின் சர்வர் அறை நினைவுக்கு வருகிறது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே இரண்டு ஏ.சி. மாறி மாறி ஓடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த கோடை வரை ரேக்கின் நெற்றியில் இருக்கும். ஒவ்வொரு சர்வருக்கும் சொத்துப் பதிவேட்டு எண் ஒட்டியிருப்பார்கள். பெயரும் உண்டு: காவேரி, வைகை, பொருநை. "வைகைக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல சார்" என்று அங்கிருந்த நிர்வாகி சொல்வார். வீட்டு மனிதரைப் பற்றிச் சொல்வது போலவே இருக்கும். தலையணைக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குவார். இரவு இரண்டு மணிக்கு ஏ.சி. நின்றால் காவலாளி கூப்பிடுவார். இவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஐ.டி. நிர்வாகம் என்பது பெரும்பாலும் அந்தக் கைபேசிதான் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அந்த அறைகளில் பெரும்பாலான சர்வர்கள் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், டேட்டா சென்டர்களில் சர்வர்களின் சராசரிப் பயன்பாடு 5 முதல் 20 சதவீதம்தான் என்று குறிப்பிட்டார்கள். இதைச் சோம்பல் என்றோ ஊதாரித்தனம் என்றோ சொல்ல முடியாது. ஆண்டில் ஒரு நாள் வரும் பெருங்கூட்டத்தைத் தாங்கும் அளவுக்கு வாங்கினால் மீதி 364 நாள் காலியாகத்தான் கிடக்கும். குறைத்து வாங்கினால் அந்த ஒரு நாள் மானம் போகும். வாங்குகிற யாருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. மகள் கல்யாணத்துக்காக யாரும் ஐந்நூறு நாற்காலியும் எட்டு அண்டாவும் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைப் பாத்திரக் கடையில் சொன்னால் வண்டியில் வந்து இறங்கும், மறுநாள் திரும்பிப் போகும். கணினியை மட்டும் ஏன் ஒவ்வொருவரும் விலைக்கே வாங்கிக்கொண்டிருந்தோம்?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1961-இல் எம்.ஐ.டி.யின் நூற்றாண்டு விழா உரையில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிமையும் ஒரு நாள் பொதுச் சேவையாக அமையலாம் என்று சொன்னார். ஆசை அப்போதே இருந்தது. ஆனால் நாற்காலியை வாடகைக்கு விடுவது போலக் கணினியை விட முடியாது. ஒருவருடைய கணக்கு வழக்கு இருக்கும் இயந்திரத்தில் இன்னொருவரை எப்படி விடுவது? ஒருவருடைய நிரல் குழம்பினால் பக்கத்தில் ஓடுவதும் கவிழுமே?

விடை ஒண்டுக்குடித்தனம். ஒரு பெரிய வீட்டை எட்டாகப் பிரித்து எட்டுக் குடும்பங்களுக்கு விடுவது. ஆனால் இந்த வீட்டில் ஒரு அதிசயம் உண்டு. ஒவ்வொரு குடித்தனமும் முழு வீடும் தன்னுடையதே என்று நம்பிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியாது. மெய்நிகர் இயந்திரம் என்பது இதுதான். ஐ.பி.எம். பொறியாளர்கள் 1960-களிலேயே இதைச் செய்து, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு மேசைக் கணினிகள் மலிந்தன. ஆளுக்கொரு வீடே கிடைக்கும்போது ஒண்டுக்குடித்தனம் எதற்கு என்று உலகம் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

திரும்பக் கொண்டுவர நினைத்தபோது சிப் வழிமறித்தது. ஓர் இயங்குதளம் தன்னை வீட்டுக்காரன் என்றே நினைக்கும். நினைவகத்தைப் பங்கிடுவது போன்ற, வீட்டுக்காரன் மட்டுமே இடக்கூடிய கட்டளைகளை இடும். குடித்தனக்காரன் அப்படி இட்டால் சிப் உடனே நிறுத்தி, உண்மையான வீட்டுக்காரனான மேலாண்மை நிரலிடம் "இதோ பார், இவன் இப்படிக் கேட்கிறான்" என்று சொல்ல வேண்டும். ஐ.பி.எம்.மின் பெரிய இயந்திரங்கள் சொல்லும். நம் மேசைகளில் இருந்த இன்டெல் வகை எக்ஸ்86 சிப் சில கட்டளைகளில் சொல்லாது. நிறுத்தவும் செய்யாது. கட்டளையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடும், அல்லது வேறு விடையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். குடித்தனக்காரன் பொய்யான விடையை நம்பி மேலே நடப்பான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் குழம்பும்.

1998-இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. குடித்தன இயங்குதளத்தின் கட்டளைகளை ஓடுவதற்குச் சற்று முன்பே படித்து, வில்லங்கமானவற்றை மட்டும் மாற்றி எழுதி ஓடவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003-இல் வெளிவந்த ஸென் என்ற நிரல் வேறு பாதையில் போனது. குடித்தனக்காரனுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது: "நீ வீட்டுக்காரன் இல்லை, தேவையானதை என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்." அதற்கு இயங்குதளத்தையே கொஞ்சம் திருத்த வேண்டும். லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் அது முடிந்தது, வேகமும் அதிகம் குறையவில்லை. மாயையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால் கிடைத்த வேகம் இது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

அமேசான் எடுத்துக்கொண்டது ஸென்னை. கிறிஸ் பிங்காம் என்ற பொறியாளர் தம் சொந்த நாடான தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப விரும்பியதால், இசி2 என்ற கணினி வாடகைச் சேவையைக் கேப் டவுனில் ஒரு சிறு குழு உருவாக்கியது. 2006 மார்ச்சில் முதலில் வந்தது எஸ்3 என்ற சேமிப்புக் கிடங்கு. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட். ஆகஸ்டில் இசி2 சோதனைக்குத் திறந்தது. 1.7 ஜிகாஹெர்ட்ஸ் ஸியான் சிப்புக்கு இணையான வேகம், 1.75 ஜிகாபைட் நினைவகம், 160 ஜிகாபைட் வட்டு. வாடகை மணிக்குப் பத்து சென்ட். முன்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. பண்டிகைக் கால விற்பனைக்காக வாங்கிப் போட்ட சர்வர்களை மற்ற மாதங்களில் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் அமேசான் வாடகைக்கு விட்டது என்று ஒரு கதை உண்டு. அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வெர்னர் வோகல்ஸ் அதை மறுத்திருக்கிறார். யோசித்தாலும் பொருந்தாது. டிசம்பர் பிறந்ததும் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்ல முடியுமா?

மணிக்கு இவ்வளவு என்று விலை வைத்ததும் நேரத்தின் கணக்கு மாறியது. நடவுக்கு நூறு ஆள் ஒரு நாள் வந்தாலும், ஓர் ஆள் நூறு நாள் வந்தாலும் கூலி ஒன்றுதான். ஆனால் பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. நூறு நாள் நட்டால் முதல் பாத்தி கதிர் முற்றி நிற்கும்போது கடைசிப் பாத்திக்கு நாற்றே இருக்காது. அதனால்தான் ஊரே திரண்டு ஒரே மூச்சில் நடும். கணினிகளை விலைக்கு வாங்கும் உலகில் இந்த வழி அடைபட்டிருந்தது. நூறு மடங்கு வேகம் வேண்டுமென்றால் நூறு மடங்கு பணம். மணி வாடகை வந்ததும் அவசரத்துக்குத் தனி விலை இல்லாமல் போயிற்று. பெர்க்லி அறிக்கை எழுதியவர்களும் இதைத்தான் முன்னெப்போதும் இல்லாதது என்று எடுத்துச் சொன்னார்கள்.

2007-இல் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய இதழ்களை இணையத்தில் திறக்க நினைத்தது. 1851 முதல் 1980 வரை 1 கோடியே 10 லட்சம் கட்டுரைகள், துண்டு துண்டான படங்களாக இருந்தன. ஒரு பத்தி ஒரு படம், தலைப்பு ஒரு படம் என்று கிடந்தவற்றை ஒட்டி ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு பி.டி.எஃப். கோப்பாக்க வேண்டும். டெரெக் காட்ஃப்ரிட் என்ற பொறியாளர் 4 டெராபைட் படங்களை எஸ்3 கிடங்கில் ஏற்றி, 100 இயந்திரங்களை எடுத்து ஓடவிட்டார். ஒரு நாளைக்குள் முடிந்தது. நூறு இயந்திரம், 24 மணி நேரம், மணிக்குப் பத்து சென்ட் என்று பெருக்கினால் 240 டாலர். முடிந்த பிறகுதான் கோப்புகளில் ஒரு பிழை இருப்பது தெரிந்தது. திருத்திவிட்டு முழு வேலையையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டினார்கள்.

இந்த இரண்டாவது ஓட்டத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பழைய ஏற்பாட்டில் இப்படி ஒரு பிழை வந்தால் கூட்டம் போட்டிருப்பார்கள், யார் பொறுப்பு என்று கேட்டிருப்பார்கள், சமாளிக்க முடியுமா என்று பார்த்திருப்பார்கள். 240 டாலர் என்றபோது அதெல்லாம் தேவைப்படவில்லை. தவறுக்கு ஆகும் செலவு குறைந்தால் துணிச்சல் தானாக வருகிறது. அந்த ஆண்டுகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய எத்தனையோ நிறுவனங்கள் எழுந்து நின்றதற்கு இதுவே காரணம். படங்களைக் கோத்து இசையோடு வீடியோவாக்கித் தரும் அனிமோட்டோ என்ற சிறு நிறுவனம் 2008 ஏப்ரலில் ஃபேஸ்புக்கில் திடீரென்று பரவியது. சில நாட்களுக்குள் 50 இயந்திரங்களிலிருந்து 3,000-க்கும் மேல் போனார்கள். 3,000 சர்வர் வாங்க எந்த வங்கியும் அவர்களுக்குக் கடன் கொடுத்திருக்காது.

பெரிய நிறுவனங்களுக்குள் இது வாசல் வழியாக வரவில்லை. ஏதோ ஒரு பிரிவில் ஒரு பொறியாளர் தன் சொந்தக் கிரெடிட் கார்டைக் கொடுத்து ஓர் இயந்திரத்தை எடுப்பார். ஒரு வேலையை முடித்துக் காட்டுவார். மூலதனச் செலவு என்றால் மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். இது தேநீர்ச் செலவு போலப் போய்விடும். ஐ.டி. பிரிவுக்குத் தெரியும்போது நிறுவனத்தின் தகவல் எங்கோ ஒரு வாடகைக் கிடங்கில் ஏற்கெனவே குடியேறியிருக்கும். ஐ.டி. மேலாளர்கள் கலங்கியதில் நியாயம் உண்டு. 1980-களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசு நிறுவனம் ஒன்று தொகுத்த ஐடில் என்ற ஐ.டி. நிர்வாக நடைமுறைகளை வைத்துத்தான் உலகெங்கும் அவர்கள் வேலை செய்தார்கள். எந்த இயந்திரம் எங்கே இருக்கிறது, அதில் என்ன ஓடுகிறது, மாற்றம் செய்ய யார் அனுமதித்தார் என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு. மூன்று மணி நேரம் மட்டுமே வாழ்ந்துவிட்டு மறையும் இயந்திரத்துக்கு எந்த எண்ணை ஒட்டுவது? அதன் பெயர் வைகையும் அல்ல, காவேரியும் அல்ல. 'ஐ' என்ற எழுத்தும், ஒரு கோடும், பின்னால் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமும்தான் அன்று அதன் பெயர்.

இந்த மாற்றத்தைச் சென்னையிலேயே இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்த நிறுவனம் ஒன்று உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் வேலை நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுவது. பிறகு மேனேஜ்என்ஜின் என்ற பிரிவின் வழியாக, சர்வர் அறையில் எது ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்று சொல்லும் கருவிகளை உலகெங்கும் உள்ள ஐ.டி. மேலாளர்களுக்கு விற்றது. 2005 முதல் ஸோஹோ என்ற பெயரில் மென்பொருளையே இணையம் வழியாக மாத வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. 2009-இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆயிற்று. இந்த ஊரில் கிளவுட்டுக்குப் பழகிய கைகளில் பல, சர்வர் அறைகளைக் கவனித்துப் பழகிய கைகள்தான். மேனேஜ்என்ஜினிலிருந்து வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் ஃபிரெஷ்டெஸ்க் என்ற கிளவுட் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார்.

எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் விழும்போது எல்லாம் சேர்ந்து விழாதா என்ற பயம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2008 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 8:40 மணிக்கு எஸ்3 கிடங்கில் பிழைகள் பெருகின. அந்தக் கிடங்கின் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்ளும். யார் உயிரோடு இருக்கிறார், யார் நிரம்பிவிட்டார், யாரிடம் வேலையை அனுப்பலாம் என்று ஒன்று இன்னொன்றிடம் சொல்ல, அது இரண்டு பேரிடம் சொல்லும். பொறியாளர்களே அதற்கு ஊர்வம்பு என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். திண்ணைப் பேச்சைப் போல, தலைவர் யாரும் இல்லாமலே செய்தி ஊர் முழுக்கப் போய்ச் சேரும் ஏற்பாடு.

அன்று ஒரு சில செய்திகளில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம், அல்லது பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. முழுதாகச் சிதைந்திருந்தால் யாராவது தூக்கி எறிந்திருப்பார்கள். இவை படிக்கும்படி இருந்தன, சொன்னது மட்டும் தவறு. வதந்தி பரவியது. சர்வர்கள் மேலும் மேலும் பேசின. கடைசியில் ஏறக்குறைய எல்லா நேரத்தையும் பேச்சிலேயே கழித்தன. வாடிக்கையாளர் வந்து கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆளில்லை. பொறியாளர்கள் கடைசியில் எல்லாச் சர்வர்களின் பேச்சையும் நிறுத்தி, அவை நினைவில் வைத்திருந்த நிலவரம் அத்தனையையும் துடைத்துவிட்டு, ஊரையே புதிதாக எழுப்பினார்கள். எல்லாம் சீராக மாலை ஐந்து மணி ஆயிற்று.

பின்னர் அமேசான் வெளியிட்ட விளக்கத்தில், வாடிக்கையாளரின் தகவல் பிட் மாறாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்கச் சரிபார்ப்புத் தொகை இருந்ததாகவும், சர்வர்கள் தங்களுக்குள் பேசிய அந்த நிலவரச் செய்திக்கு மட்டும் அது இல்லாமல் போனதாகவும் சொன்னார்கள். அடுத்தவர் பொருளைப் பூட்டிப் பாதுகாத்தவர்கள் தங்கள் பேச்சைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இதைக் கேட்டு, சொந்த சர்வர் அறையே மேல் என்று ஒருவர் சொல்லலாம். அடுத்த மாதமே, 2008 ஆகஸ்டில், நெட்ஃபிளிக்ஸின் சொந்த டேட்டா சென்டரில் தரவுத்தளம் சிதைந்தது. அப்போது அது தபாலில் டி.வி.டி. அனுப்பும் நிறுவனம். மூன்று நாள் ஒரு வட்டுகூட அனுப்ப முடியவில்லை. சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும் இயந்திரம் விழும். நெட்ஃபிளிக்ஸ் வாடகைக்கு மாற முடிவெடுத்தது. முழுதாக மாறி முடிக்க 2016 ஜனவரி ஆயிற்று. ஏழு ஆண்டுகள் ஏன் என்றால், இருந்த நிரலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், எந்த இயந்திரம் எப்போது செத்தாலும் மற்றவை தாங்கும்படி முதலிலிருந்து எழுதினார்கள். வைகைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்து கொடுத்துக் காப்பாற்றும் வேலை போய், எந்த வைகை போனாலும் ஆறு ஓடும்படி பார்க்கும் வேலை வந்தது.

எழுதியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் ஒரு குரங்கை உருவாக்கினார்கள். கேயாஸ் மங்கி என்ற சிறு நிரல். உண்மையான வாடிக்கையாளர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓடும் இயந்திரங்களில் ஏதாவது ஒன்றைக் குருட்டுவாக்கில் தேர்ந்து அணைத்துவிடும். சேவை தடுமாறினால் எங்கோ நிரலில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். பொறியாளர்கள் தேடி அடைப்பார்கள். மறுநாள் குரங்கு வேறொன்றை அணைக்கும். பிறகு அந்த நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்தும் விட்டார்கள்.

அதன் அமைப்புகளில் நேரம் குறிக்க ஓர் இடம் உண்டு. வேலை நாட்களில் மட்டும், காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று மணி வரை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் இருக்கையில் இருக்கும்போது, கையில் காபி இருக்கும்போது, பக்கத்து மேசையில் கேட்க ஆள் இருக்கும்போது மட்டும் அது இயந்திரங்களைச் சாய்க்கும். இரவு இரண்டு மணிக்கு வராது.